புதுப்பிப்பு: லாக் கோப்புகளை அழித்தும் வட்டில் இடம் கூடாத சிக்கல்

ஏழு நாள் கடந்த லாக் கோப்புகளை (நிரல் தன் செயல்பாடுகளைப் பதிந்து வைக்கும் கோப்புகள்), குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் வழியாக இரவு 2 மணிக்கு அழிக்கும் என் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஒழுங்காக ஓடியும், வட்டில் இடம் கூடவில்லை என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் பெயர்தான் உடனே நீங்குகிறது. ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளடக்கம் வட்டை விட்டு அகலாது. நாள்தோறும் புதுக் கோப்பைத் திறக்கும் எங்கள் நிரல் பழையதை மூடவே இல்லை. நிரல்கள் திறந்து வைத்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ (lsof) கட்டளையை ஓட்டியபோது, அழித்துவிட்டதாக நான் நம்பிய கோப்புகள் அனைத்தும் ‘டெலிட்டட்’ என்ற குறிப்போடு வரிசையாக வந்து நின்றன. நிரலை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியதும் இடம் திரும்பியது. கோப்பை மூடாத பிழையையும் திருத்திவிட்டோம்.

இன்னொன்றையும் அவசியம் சொல்ல வேண்டும். கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’ (find) கட்டளையில், கிடைத்தவற்றை அழிக்கச் சொல்லும் ‘-டெலிட்’ (-delete) எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். பெயர், நாள் நிபந்தனைகளுக்கு முன்னால் அதை எழுதினால் தேடும் அடைவில் (ஃபோல்டரில்) உள்ள அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே முதலில் அதற்குப் பதிலாக, பெயர்களை மட்டும் காட்டும் ‘-பிரிண்ட்’ (-print) இட்டுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.