டே ஆஃப் தி டென்டகிள் ரீமாஸ்டர்: தங்கச்சி மகளோட விளையாடப் போறேன், எப்படி ஆரம்பிக்கலாம்?

வெண்பலகை

வணக்கம். 1993-ல லூக்கஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட டே ஆஃப் தி டென்டகிள்ங்கிற கம்ப்யூட்டர் கேமை அந்தக் காலத்து சிடியில விளையாடி முடிச்சவன் நான். படத்தையும் ஒலியையும் புதுப்பிச்சு டபுள் ஃபைன் 2016-ல கொண்டுவந்த ரீமாஸ்டரை இப்பதான் வாங்கினேன். தங்கச்சி மகளுக்கு 12 வயசு. மவுஸால பொருளைச் சொடுக்கிப் புதிர் விடுவிக்கிற பாயின்ட் அண்ட் கிளிக் கேம் எதையும் அவ பார்த்ததே இல்ல. சேர்ந்து உட்கார்ந்து விளையாடலாம்னு இருக்கோம், மவுஸ் அவ கையில.

ஆரம்பத்தை மட்டும் தனியா ஓட்டிப் பார்த்தேன். படம் பளிச்னு இருக்கு, கேம்ல வர்ற பெர்னார்டோட கண்ணாடி விளிம்பு வரைக்கும் கோடு சுத்தம். ஆனா தொடக்கூடிய பொருளை எல்லாம் ஒரே பொத்தான்ல காட்டிக்கொடுக்குற வசதி ஒண்ணு வெச்சிருக்காங்க. அதை அவகிட்ட சொல்லலாமா?

இன்னொண்ணு. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரம் வெட்டின கதையும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பட்டம் விட்ட கதையும் தெரிஞ்சாதான் சில புதிர் பிடிபடும். அமெரிக்கப் பிள்ளைங்க அதையெல்லாம் கேட்டே வளர்றாங்க. இவளுக்கு முன்னாடியே சொல்லிட்டா புதிர் உடைஞ்சிடுமோன்னு யோசனையா இருக்கு.

மூணாம்கதவு

விடைகள் வருது, இன்னும் விளையாடாதவங்க தாண்டிப் போயிடுங்க.

அந்தப் பொத்தானைச் சொல்லாதீங்க. கொஞ்ச நாளைக்காவது. கேம் நடக்கிற அந்த மாளிகையில ஒரு கதவு, ஒரு ஜன்னல்கூட நேரா நிக்காது, எல்லாம் கோணலும் வளைவுமா வரைஞ்சிருப்பாங்க. கண்ணால துழாவித் துழாவிப் பார்க்கத்தான் அப்படி வரைஞ்சது. பொத்தானை அழுத்தினா அறை காணாமப் போயி பொருள் பட்டியல் மட்டும்தான் மிஞ்சும். வேகமா முடிச்சிடுவா, ஆனா அந்த வீட்டுக்குள்ள வாழ்ந்திருக்க மாட்டா.

அவ பழக வேண்டியது ஒண்ணே ஒண்ணு: "இந்தப் பொருளை 200 வருஷம் இங்கேயே விட்டுவெச்சா என்ன ஆகும்?" கேம்ல நாம ஓட்டுற மூணு பேர் கால இயந்திரத்தால பிரிஞ்சு போயிருக்காங்க: ஹோகி 200 வருஷத்துக்கு முந்தின காலத்துல, லவர்ன் 200 வருஷம் தள்ளி எதிர்காலத்துல, பெர்னார்ட் இன்னைக்கு. மூணு பேரும் நிக்கிறது ஒரே இடம். அவங்க கால இயந்திரம் ஒரு டாய்லெட்தான், பொருளை அதுல போட்டு ஃப்ளஷ் பண்ணி ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கலாம். அப்படிப் போனா பொருள் மாறாம போய்ச் சேரும். விட்டுட்டு வந்தா காலம் அது மேல வேலை செய்யும். ஹோகி காலத்துல ஒயினை டைம் கேப்ஸ்யூலுக்குள்ள (பிற்காலத்துல திறக்கன்னு மூடிவைக்கிற பெட்டி) வெச்சா லவர்ன் திறக்கும்போது அது வினிகர். அந்த வினிகரை ஃப்ளஷ் பண்ணி ஹோகிக்கே திருப்பி அனுப்பினா அவனுக்கு வேண்டிய பேட்டரி செய்ய ஆகும். அனுப்புறதும் விட்டுவைக்கிறதும் ஒரே புதிர்ல கைகோத்து வரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வெள்ளெலி சமாச்சாரம். பெர்னார்ட் அதை ஐஸ் மெஷினுக்குள்ள வெச்சிடுவான். லவர்ன் அதே மெஷினைத் திறந்தா எலி ஐஸ் கட்டி. மைக்ரோவேவ்ல வெச்சா உசுரு வந்துடும், ஆனா குளிர் விடாது. அதுக்கு ஸ்வெட்டர் வேணும், எலி சைஸுக்கு எங்கே போறது? இங்கே பெர்னார்ட் ஒரு பெரிய ஸ்வெட்டரை ட்ரையர்ல போட்டு, காசை அள்ளிக் கொட்டி ஓடவிடணும். 200 வருஷம் சுத்திச் சுத்திச் சுருங்கி, லவர்ன் எடுக்கும்போது எலிக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும். இதை அவளா கண்டுபிடிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க.

அமெரிக்கக் கதை ரெண்டையும் தாராளமா சொல்லுங்க, ஆனா கேம் பேச்சு எடுக்காம வேற ஒரு நாள் கதையா சொல்லுங்க. செர்ரி மரக் கதை நடந்த சம்பவம் இல்ல. மேசன் வீம்ஸ்ங்கிறவர் எழுதின வாஷிங்டன் வரலாற்றுல 1806 பதிப்பில சேர்ந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்க, ரசிப்பா. கேம்லயும் வரலாறு துல்லியமா இருக்காது. 1993-லேர்ந்து 200 வருஷம் பின்னால போனா ஃபிராங்க்ளின் உயிரோடவே இல்ல, அவர் 1790-லயே காலமாயிட்டார். கதை தெரிஞ்சாலும் புதிர் மிச்சம் இருக்கும். அங்கே நிக்கிறது செர்ரி மரம் இல்ல, ஆரஞ்சு நிறத்துல சின்னப் பழம் காய்க்கிற கும்குவாட் மரம். பழத்துக்கு சிவப்பு பெயின்ட் அடிக்கணும்னு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித்தராது. அதை செர்ரின்னு நம்பி வாஷிங்டன் வெட்டினதும் 200 வருஷம் தள்ளி அதே மரத்துல தொங்கிட்டிருக்கிற லவர்ன் பொத்துனு கீழே விழுவா.

கைக்கடக்கம்

பொத்தான் விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. நான் கையில வெச்சு விளையாடுற பிளேஸ்டேஷன் வீட்டாவில விளையாடினேன். அந்தச் சின்னத் திரையில எது பொருள், எது பின்னணி ஓவியம்னு பிரிச்சுப் பார்க்கவே கண் வலிக்கும். பார்வை மங்கலானவங்களுக்கு அது உண்மையான உதவி. பெரிய திரைன்னா மூணாம்கதவு சொல்றபடி செய்ங்க.

படம், ஒலி, வினைச்சொல் பலகை மூணையும் தனித்தனியா பழசு புதுசுன்னு மாத்திக்கலாம், அது தெரியுமா?

மூணாம்கதவு

சின்னத் திரைக்கு நீங்க சொல்றது நியாயம், ஒத்துக்கறேன்.

வெண்பலகை, வினைச்சொல் பலகையை மட்டும் பழசா வெச்சுப் பாருங்க. கொடு, எடு, தள்ளு, இழுன்னு ஒன்பது வினையும் எப்பவும் கண்ணு முன்னாடி நிக்கும். புதுசுல பலகைக்குப் பதிலா வர்ற சக்கரம் அந்தப் பொருளுக்கு எது பொருந்துமோ அதை மட்டும் நீட்டும், அதுவே பாதி விடை. படமும் ஒலியும் புதுசே இருக்கட்டும். குரல் 1993 நடிகர்களோடது தான், மறுபடி பேசவைக்கல.

வெண்பலகை

ரொம்ப நன்றி. அப்படியே செய்றேன். கதையை இந்த வாரமே சொல்லிடறேன், பொத்தானைப் பத்தி மூச்சு விடமாட்டேன். கேம்ல எட்ங்கிறவனோட அறையில இருக்கிற கம்ப்யூட்டர்ல, இதுக்கு முந்தின கேமான மேனியாக் மேன்ஷனை முழுசா விளையாடலாமே, அதையும் இவகிட்ட காட்டலாமா?

மூணாம்கதவு

இதை முடிச்ச பிறகு காட்டுங்க. அது 1987 கேம், அதுல ஆளுங்க சாகலாம், வழி அடைபட்டு முடிக்கவே முடியாமலும் போகலாம். டென்டகிள்ல அது ரெண்டுமே நடக்காது, எதை வேணும்னாலும் பயமில்லாம செஞ்சு பார்க்கலாம். அந்தத் தைரியம் அவளுக்கு முதல்ல வரட்டும்.