ஆற்றில் விடும் முன் ஒருவரிடம் காட்டுங்கள்: வேதநூல்கள் சேர்த்ததில் கிடைத்த அனுபவம்

புனித நூல்களை வீட்டில் சேர்க்கிற எல்லாரும் என்றாவது இந்தக் கேள்வியில் வந்து நிற்போம். கட்டு விட்டு, பக்கம் உதிர்ந்த பிரதியை என்ன செய்வது? எங்கள் ஊர்ப் பக்கம் "காவேரியில விட்டுடுங்க" என்பார்கள். குப்பையில் போட மனம் வராத மரியாதையில் சொல்வது அது. ஆனால் விடுவதற்கு முன் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

நான் மயிலாடுதுறைக்காரி. பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். நூல் சேர்க்கிறவருக்கு இதைவிட நல்ல ஊர் வாய்க்காது. பக்கத்திலேயே தருமபுரம், பன்னிரு திருமுறையை உரையோடு வெளியிட்ட ஆதீனம். கிழக்கே தரங்கம்பாடி, 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715-இல் முடித்த இடம். வடக்கே கொஞ்ச தூரத்தில் நீடூர், பழைய அரபுக் கல்லூரி உள்ள ஊர். இங்கே முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடக் கீர்த்தனைகள் எழுதியவர். இந்த ஊரில் ஒரே அலமாரியில் திருமுறையும் விவிலியமும் குர்ஆன் தர்ஜுமாவும் (மொழிபெயர்ப்பு) இருப்பது யாருக்கும் வினோதமாகப் படுவதில்லை.

என்னிடம் உள்ளவற்றில் பாதி பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியவைதான். அந்தக் கடைக்காரத் தம்பி பள்ளிப் புத்தகத்தையும் வார இதழையும் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார். 'சாமி புக்கு' என்று கண்ணில் பட்டால் மட்டும் தராசுக்கு மேலே உள்ள பலகையில் ஏற்றிவிடுவார். எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை. "இதக் கிழிச்சுப் பொட்டலம் போட மனசு வராது டீச்சர். நீங்களே எடுத்துக்குங்க" என்பார்.

அப்படி வந்ததுதான் தோல் அட்டை போட்ட பழைய விவிலியம். அதில் 'சங்கீதம்' என்கிற துதிப்பாடல் பகுதி முழுக்கச் சிவப்புப் பென்சில் கோடு. முன்பக்க வெற்றுத்தாள்களில் ஒரு குடும்பமே இருந்தது. பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் எல்லாம் தேதியோடு, மூன்று நான்கு கையெழுத்துகளில். முதல் கை தொட்டெழுதும் பேனா. கடைசிக் கை பால்பாயிண்ட். ஒரு குழந்தையின் பெயருக்கு நேரே பிறந்த தேதியும் அடுத்த வாரமே இறந்த தேதியும். அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஞானஸ்நானம் நடந்த ஊர் பொறையாறு என்று இருந்ததால் அங்கே போய்க் கோவில் உபதேசியாரிடம் காட்டினேன். கடைசிப் பெயரைப் பார்த்ததுமே யார் வீடு என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பெண் வந்தார். வீட்டைக் காலி செய்தபோது மூட்டையோடு போய்விட்டதாம். நின்றபடியே அந்தக் குழந்தையின் பெயரைத் தேடிப் படித்தார். "எங்க அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்கன்னு சொல்வாங்க. பேரு யாருக்கும் தெரியாது" என்றார்.

மேலத்தெரு மாமி ஒருவர் திருமுறையைத் தேடி வருவார், கயிறு சார்த்திப் பார்க்க. ஏட்டுக்கட்டில் நூலை நுழைத்து, விழும் பதிகத்தைப் பார்க்கிற பழைய வழக்கம் அது. பெண்ணாடம் அச்சுத களப்பாளருக்குப் பிள்ளை வேண்டி அப்படிப் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது, அங்கே போய் முக்குளத்தில் நீராடியபின் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்தார் என்பது வரலாறு. மாமி அச்சுப் புத்தகத்தில் பார்ப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். எந்தத் தலத்துப் பதிகம் விழுகிறதோ அந்தத் தலத்துக்கு அடுத்த வாரம் பஸ் ஏறிவிடுவார்.

நான் வேண்டுமென்றே வாங்காத நூலும் ஒன்று உண்டு. குரு கிரந்த சாஹிபை சீக்கியர்கள் உயிருள்ள குருவாகவே வைத்திருக்கிறார்கள். 1430 பக்கம். தனி அறை, விதானம், இரவில் மூடிப் படுக்கவைக்கும் முறை எல்லாம் உண்டு. அதைச் செய்ய முடியாத வீட்டில், அலமாரியில் ஒரு புத்தகமாகச் செருகி வைப்பது சரியில்லை. சேகரிப்பு முழுமையாக வேண்டும் என்ற ஆசையை இந்த ஒரு இடத்தில் விட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி முக்கியமானது. ஒரு நாள் கடைத் தம்பி, "குர்ஆன் வந்திருக்கு டீச்சர், பூச்சி அரிச்சுப்போச்சு" என்று ஒரு சின்ன நூலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். முன் அட்டை இல்லை. இராமபாணப் பூச்சி ஓரமெல்லாம் சல்லடையாகத் துளைத்திருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் நீடூர் பாயிடம் கொண்டு போனேன். பழுதான குர்ஆனைச் சுத்தமான துணியில் சுற்றிக் கால் படாத இடத்தில் புதைப்பார்கள் என்று தெரியும், அதற்காகத்தான் போனேன். அவர் கை கழுவி வந்து நாலு பக்கம் புரட்டினார். முகம் மாறியது. "இது குர்ஆன் இல்லீங்க. எழுத்துதான் அரபு. இது நம்ம தமிழ்!" என்றார். அரபுத் தமிழ். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வந்தது. உள்ளே இருந்த தம் அம்மாவைக் கூப்பிட்டார்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாகப் பழக்கமில்லை. சிறுமியாக ஓதப் போனபோது கற்றது இந்த எழுத்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாக விரலை ஓட்டி, படிக்கவில்லை, ராகம் போட்டுப் பாடவே ஆரம்பித்துவிட்டார். மாலைப் பாட்டு, பெரியோரைப் புகழ்ந்து பாடும் வகை. கேட்கக் கேட்க அத்தனையும் எனக்குப் புரிகிற தமிழ், எதுகை மோனையோடு. எழுத்தில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். பூச்சி தின்ற இடம் வந்ததும் விரல் நின்றது, பாட்டு நிற்கவில்லை. மனப்பாடத்திலிருந்து தொடர்ந்தார். "இந்த எடம் என்னன்னு நாஞ் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார்.

மரியாதையோடுதான் அதைப் புதைத்திருப்போம். உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை ஆகமப்படி அக்கினிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அலட்சியத்தில் அழிந்ததை விட இது எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அவர்களும் பக்தியில்தான் செய்தார்கள்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரம் சுவர் வழியாகத்தான் ஏறும், கறையானும் அதே வழி. வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வைக்கிறேன். பங்குனியில் எல்லாவற்றையும் இறக்கி நிழலில் காற்றாட விரிப்பேன், வெயிலில் அல்ல. செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், நாளடைவில் மஞ்சளாகி எழுத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். ஓலைச்சுவடி கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். தஞ்சை சரஸ்வதி மகால் போல முறையாகப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அரிய அச்சு நூல் என்றால் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வீட்டில் சேர்த்ததிலிருந்து வளர்ந்ததுதான் அது.

மாலைப் பாட்டு இப்போது தமிழ் எழுத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா சொல்லச் சொல்ல, பேத்தி போனில் பதிவு செய்கிறாள், நான் எழுதுகிறேன். பின்பாதியில் இரண்டு பாட்டு அவருக்கும் முழுதாக நினைவில்லை. நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் வீட்டில் அரபுத் தமிழ் ஓதத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், பரணில் கிடக்கும் பழைய நூலை இறக்கி அவர்கள் கையில் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். விட்டுப்போன அந்த இரண்டு பாட்டு உங்களில் யார் வீட்டிலாவது இருக்கலாம்.