ஸ்பொன்சர் கடன்: 30 நாள் தாண்டிய பிறகு நீதிமன்றம் போகலாமா?

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருக்கிறேன். 2016-இல் அம்மாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டேன்; அவர் செலவுக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்திட்ட காலம் 20 வருடம். எனக்கு வேலை போனபின் அம்மா வெல்ஃபெயர் (அரசு உதவிப்பணம்) எடுத்தார். அந்தப் பணத்தை அரசு இப்போது என்னிடம் கேட்கிறது. கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. வரி ரீஃபண்ட் வரவேண்டிய இடத்தில் 0 என்று நின்றபோதுதான் விஷயமே தெரிந்தது.

வேலைநீக்கக் கடிதத்தை இணைத்து எழுதினேன். தவணையில் கட்டுங்கள் என்று ஒருவரிப் பதில். இதே மாதிரி ஸ்பொன்சர் கடன் பற்றிய 2011 மாவி வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது, ஆனால் ஸ்பொன்சரின் நிலைமையைக் கேட்டு வசூலைத் தள்ளிப்போடலாம் என்றது. என் நிலைமையை யாருமே கேட்கவில்லை, அதுதான் வேதனை. சட்ட உதவி நிலையத்தில் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறேன்.

அரசின் முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்யக் கேட்பதற்கு 30 நாள்தான், நீதிபதி நீட்டிக்கலாம். ஒன்ராறியோவில் அப்படி நீட்டிப்பு வாங்கியவர்கள், கடிதம் கைக்கு வரவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் காட்டினீர்கள்?