ஸ்லாக், சேக், ஃப்ரீ பிளே: மூன்றுக்கும் ‘தொய்வு’ ஒன்றேவா?

கிருஷ்ணகிரியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான சிறுவர் டர்ட் பைக் பராமரிப்புத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தகராறு ஒரே பத்தியில்தான். ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் இறங்குவது சேக். இறங்க இறங்க முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அசையும் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். செயின் மிகவும் இறுகுவது அங்கேதான். அதற்காக முன்கூட்டியே செயினில் விட்டுவைப்பது ஸ்லாக். செயினை இறுக்க ஆக்சிலைப் பின்னுக்குத் தள்ளினால் டிரம் பிரேக் ராடும் இழுபட்டு, பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் அது சும்மா அசையும் தூரம், குறையும். மூன்றுக்கும் அகராதி ‘தொய்வு’ என்றே தருகிறது. “தொய்வு கூடினால் தொய்வு குறையும்” என்று படிக்கிற பையன் எந்த நட்டைத் திருகுவான்?

ஓசூரிலிருந்து

ஐயா, செயினுக்குத் தொய்வு பொருந்தும். துணிக்கொடி போலத் தொங்குவது கண்ணுக்கே தெரிகிறது. அளக்கும் முறையையும் சேருங்கள். நியூட்ரலில் வைத்து, கீழ்ச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளி, மொத்த அசைவை ஸ்கேலில் பார்க்க வேண்டும். எத்தனை மி.மீ. என்பதற்கு அந்தந்த வண்டியின் கையேடுதான் கணக்கு. சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். லூசான இடத்தில் அளந்து இறுக்கினால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங் அடிவாங்கும். யமஹா பி.டபிள்யூ.50-க்கு இந்தப் பத்தியே வேண்டாம். அது ஷாஃப்ட் டிரைவ், செயினே கிடையாது.

தருமபுரியிலிருந்து

தொய்வு மூச்சிரைப்பு நோய்க்கும் பெயர். பழைய இலக்கியத்தில் ‘தொய்’ வேறு வழி போகிறது: மலைபடுகடாத்தில் ‘தொய்யாது வித்திய’ என்றால் உழாமல் விதைத்த, புறநானூறு 214-இல் ‘தொய்யா உலகம்’ என்றால் வினை செய்ய வேண்டாத உலகம். நெகிழ்வு என்போமே! குறள் 1236 ‘தொடியொடு தோள்நெகிழ’ என்கிறது. தோள் மெலிந்து வளை தளரும் அந்த இடைவெளிதான் ஸ்லாக். செயினும் ஒரு வளைதானே?

அரூரிலிருந்து

அம்மா, இன்றைய பிள்ளைக்கு நெகிழ்வு என்றால் வளைந்துகொடுப்பது, நெகிழி என்றால் பிளாஸ்டிக்.

சேக்குக்குத் ‘தாழ்வு’ போதும். காய்ச்சுமையில் மாங்கிளை தாழ்வதை நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆக்சில் நடுவிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் ஒரு குறி வைத்து மூன்று முறை அளக்க வேண்டும்: சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, வண்டி தானாக நிற்கும்போது, ஹெல்மெட், பூட்ஸ் போட்ட பிள்ளை ஏறி உட்கார்ந்தபின். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் தன்சுமைத் தாழ்வு, மூன்றாவதைக் கழித்தால் ஆள்சுமைத் தாழ்வு. ஆள்சுமைத் தாழ்வு, பின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும் மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கலாம். வளர்கிற பிள்ளையின் எடை மாறும், அதனால் அடிக்கடி அளக்க வேண்டும்.

தருமபுரியிலிருந்து

தாழ்வு ஏற்கிறேன். ஃப்ரீ பிளேக்கு ‘வெற்றசைவு’ வையுங்கள். வெறுமை + இடம் வெற்றிடம் ஆன அதே புணர்ச்சி: ‘மை’ ஈறு போய்த் தன்னொற்று (ற்) இரட்டியது, நன்னூல் 136.

ஓசூரிலிருந்து

இலக்கணம் சரி அம்மா, ஆனால் பட்டறையில் அது ‘பிளே’. ஆக்சிலேட்டர் பிடியில் பிளே இல்லாவிட்டால் ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு ரேஸ் தானாக ஏறும். ஓட்டுவது ஏழு வயதுப் பிள்ளை. அந்த வரியில் யாரும் நின்று யோசிக்கும்படி ஒரு சொல் இருக்கக் கூடாது.

கிருஷ்ணகிரியிலிருந்து

மூன்று பேர் பிளே, ஒருவர் வெற்றசைவு. செயின் தொய்வு, ஆள்சுமைத் தாழ்வு, பிரேக் பிளே என்றே அனுப்புகிறேன்.

தருமபுரியிலிருந்து

என் மறுப்பு இருக்கட்டும். தாளில் ஏறாத சொல் பட்டறை வாய்க்கு எப்படிப் போகும்? இன்னொன்று, தாளின் ஆறாம் வரியில் பிழை. செயினின் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டுக்கண்ணியில், கிளிப்பின் மூடிய முனைதான் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ‘திறந்த முனை’ என்று அடித்திருக்கிறீர்கள். அச்சுக்கு முன் மாற்றுங்கள்.