புதுப்பிப்பு: மடக்கு டிரைமரான் டிரெய்லரில் ஏறிவிட்டது (காரைக்குடி)

மாசியில் இங்கே கேட்டிருந்தேன்: வீட்டிலேயே கட்டும் 7 மீட்டர் பந்தய டிரைமரானில் (நடுவில் ஒரு உடலும் இருபுறமும் மிதவையும் உள்ள பாய்மரப் படகு) பக்க மிதவைகளை மடக்கினாலும் அகலம் 2.9 மீட்டருக்குக் கீழே இறங்கவில்லை, டிரெய்லரில் எப்படி ஏற்றுவது என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது தூத்துக்குடி அண்ணன் சொன்னதுதான். குழாய்க்குள் குழாய் செருகும் திட்டத்தை விட்டுவிட்டு, மடக்கு டிரைமரான் வடிவமைப்பாளர் இயன் ஃபாரியரின் முறையில், மிதவையை நடு உடலோடு இணைக்கும் குறுக்குச் சட்டத்தை மேல், கீழ்க் கைகளில் கீல் வைத்து மடக்கச் சொன்னார். அதற்கு முன் ஐந்தில் ஒரு பங்கு அளவில் பிளைவுட் வெட்டி, ஆணியையே கீலாக அடித்துப் பார்க்கவும் சொன்னார். திண்ணையில் வைத்து மடக்கியதுமே தெரிந்துவிட்டது, கீழ்க் கையின் உள்பக்கக் கீல் உயரமாக இருந்தது. அதை இறக்கியதும் மிதவை நடு உடலோடு ஒட்டி நின்றது. இப்போது அகலம் 2.44 மீட்டர்.

எதிர்பாராதது இரண்டு. மடங்கும்போது மிதவை பக்கவாட்டில் புரண்டு டிரெய்லரின் மட்கார்டில் இடித்தது. படகு உட்காரும் கட்டையை ஒரு சாண் உயர்த்தினேன்.

இன்னொன்று எபாக்சி (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை). சித்திரை வெயிலில் டப்பாவில் கலந்தது தன் சூட்டிலேயே புகைந்து கல்லாகிவிட்டது. அப்புறம் மெதுவாக இறுகும் ஹார்டனர், அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்புவது, விடிகாலை வேலை. இறுகியபின் மேலே பிசுக்குப் படிந்தால் முதலில் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், அதன்பிறகே உப்புத்தாள்.

போன வாரம் தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குக் கொண்டுபோனோம். விரித்து போல்ட் முடுக்க இரண்டு பேருக்கு 20 நிமிஷம்.