முதல்ல எங்கட சனம் எண்டு சொல்லுறது பிழையோ?

நந்திக்கடல்காத்து:
2024 மார்கழியில முள்ளிவாய்க்கால் கடல்ல நூறு பேருக்கு மேல பர்மா ரோஹிஞ்சாச் சனத்தோட ஒரு போட் வந்து நிண்டது ஞாபகம் இருக்கும். ஊர் ஆக்கள் சாப்பாடு தண்ணி குடுத்தவை, அம்மாவும் வீட்டில கிடந்த ரெண்டு பிஸ்கட் பக்கற்றைக் குடுத்து விட்டவா. பிறகு நேவி அவையைத் திருகோணமலைக்குக் கொண்டு போனது. 2009 மாசியில காயப்பட்ட அம்மம்மாவைச் செஞ்சிலுவைக் கப்பலில ஏத்தினதும் திருகோணமலைக்குத்தான், அதாலதானோ என்னவோ அம்மா அண்டைக்கு முழுக்க அழுதுகொண்டு இருந்தவா.

மாமாக்கு அந்த பிஸ்கட்டில தொடங்கின கோவம் இன்னும் அடங்கேல்ல. காணாமல் போன பிள்ளையளுக்காகத் தாய்மார் 2017ல இருந்து ரோட்டில இருக்குதுகள், எங்கட சனத்துக்கே ஒண்டுமில்லை, இதுக்குள்ள பர்மாக்காரனுக்கு என்ன, எங்களை அடிக்கேக்க உலகம் பாத்துக்கொண்டுதானே இருந்தது எண்டுறார். மாமா கெட்ட மனுசன் இல்லை, கேட்டாக் கடைசித் தேங்காயையும் தூக்கித் தருவார். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் வரேல்ல. இனப்பற்று இருக்கிறவனுக்கு வெளியாக்களுக்குச் செய்யிறது கடமையோ, இல்லாட்டி மனமிருந்தாச் செய்யிற புண்ணியமோ?

வலைக்காரன்:
தம்பி நான் கடல்தொழில். கடல்ல தவிக்கிறவனை விட்டிட்டு வாற பழக்கம் எங்களிட்ட இல்லை, பாஸ்போட் கேக்கிறேல்ல. ஆனா எல்லையே தேவையில்லை எண்டு கதைக்கிறவையோட எனக்குச் சரிவராது. 83க்குப் பிறகு எங்கட சனத்துக்கு இடம் குடுத்தது தமிழ்நாடுதான், மறக்கேல்ல. அதே தமிழ்நாட்டு றோலர் ராவில வந்து என்ர வலையை அறுத்துக்கொண்டு போகுது, கடனுக்கு வாங்கின வலை, விடிய மிதவை மட்டும் தனிய மிதக்கும். இழுவைமடியை (றோலர் இழுக்கிற வலை) 2017ல இஞ்ச சட்டம் போட்டுத் தடை செஞ்சவை, அந்தச் சட்டமும் கடல்ல கிடக்கிற கோடும் இல்லாட்டி எனக்கு ஆர் இருக்கினம்? உயிர் தப்ப வாறவன் வேற, அள்ள வாறவன் வேற. சாப்பாடு குடுங்கோ, குடியேத்திறதை அரசாங்கம் யோசிக்கட்டும்.

தருமபுரத்தாள்:
"எங்கட சனம்" எண்டா ஆர் எண்டு மாமாட்ட கேளுங்கோ. 77 கலவரத்துக்குப் பிறகு தாத்தா மலையகத்தில இருந்து வந்து இஞ்ச வன்னியில காடு வெட்டினவர். 48ல கொண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால எங்கட ஆக்கள் ஒரு நாட்டுக்கும் இல்லாமல் போனவை, பர்மாவில 82ல போட்ட சட்டம் ரோஹிஞ்சாக்களுக்குச் செஞ்சதும் அதைத்தான். நீங்கள் பர்மாக்காரன் எண்டுறீங்கள், பர்மாக்காரன் அவையைத் தன்ர ஆள் இல்லை எண்டுறான். பள்ளிக்கூடத்தில என்னை இளக்காரமாத் "தோட்டக்காட்டாள்" எண்டு கூப்பிட்டது சிங்களவன் இல்லை. 90 ஐப்பசியில புலிகள் முஸ்லிம் சனத்தை வடக்கில இருந்து கலைக்கேக்கயும் "எங்கட சனம்" எண்ட சொல்லுத்தான் நிண்டது. எனக்கும் இனப்பற்று இருக்கு, ஆனா அந்தச் சொல்லு ஒவ்வொரு தரமும் ஆரையோ வெளியில தள்ளிப்போட்டுத்தான் கதவைச் சாத்துது.

ஸ்காபரோவான்:
உலகம் பாத்துக்கொண்டிருந்தது பிழை எண்டு மாமா சொல்லுறார் எல்லோ, அப்ப எல்லைக்கு அங்கால இருந்தவனுக்கும் எங்களில கடமை இருந்தது எண்டு அவரே ஒத்துக்கொள்ளுறார். அது எங்களுக்கு மட்டும் வாங்கத்தான், குடுக்கேக்க இல்லையோ? 1986 ஆவணியில கனடாவின்ர நியூஃபவுண்லாந்துக் கடல்ல ரெண்டு உயிர்காப்புப் படகில 155 தமிழர் மிதந்தவை, காப்பாத்தினது கஸ் டால்ரன் எண்ட மீன்பிடிக் கப்டனும் மற்ற மீன்பிடிக்காரரும். எங்கட ஆக்கள் இந்தியாவில இருந்து வந்தம் எண்டு சொன்னது பிறகு பொய் எண்டு தெரிஞ்சு (ஜேர்மனியில இருந்துதான் வெளிக்கிட்டவை) இங்க கொஞ்சப்பேர் கத்தினவை, ஆனாத் திருப்பி அனுப்பேல்ல.

வலைக்காரன் அண்ணைக்கு ஒண்டு, இலங்கை 1951 அகதி உடன்படிக்கையில கையெழுத்து வைக்கேல்லத்தான், ஆனா சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில 94ல சேர்ந்தது. சித்திரவதை நடக்கும் எண்டு தெரிஞ்ச இடத்துக்கு ஆளைத் திருப்பி அனுப்பேலாது எண்டு அதில கிடக்கு.

நந்திக்கடல்காத்து:
மாமாக்கு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். வலைக்காரன் அண்ணைக்குத் தலையாட்டினார். கனடாக் கதைக்கு "அது காசுள்ள நாடு" எண்டார். தருமபுரத்து அக்கா எழுதினதை வாசிக்க ஒண்டும் பறையேல்ல, எழும்பி மாட்டை அவிட்டுக் கட்டப் போட்டார், மாடு அப்பதான் கட்டினது.