செம்பருத்தி, ஆந்தூரியத்தில் மாவுப்பூச்சி: வேப்பெண்ணெய் அடித்தால் இலை கருகுகிறது

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
மொட்டைமாடித் தொட்டிகளில் செம்பருத்தி நுனி சுருண்டு, வெள்ளைப் பஞ்சு போல அப்பியிருக்கிறது. எறும்பும் ஏறுகிறது. காலை பத்து மணிக்கு வேப்பெண்ணெய் அடித்தேன், இலை கருகிவிட்டது. ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டு ஆந்தூரியத்திலும் இதே பூச்சி. என்ன செய்யலாம்?

பதில் 1:
எண்ணெய் கரையாமல் மிதந்திருக்கும்; மேலே வெயில் வேறு. அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் 2 மி.லி. காதி சோப்புக் கரைசல், அதில் 5 மி.லி. வேப்பெண்ணெய் விட்டு, பால் நிறம் வரும்வரை கலக்குங்கள். பிறகு 1 லிட்டராக்குங்கள். சேலம் வெயிலுக்கு மாலை ஐந்தரைக்கு மேல்தான் அடிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. முதலில் ஓர் இலையில் அடித்து ஒருநாள் பாருங்கள்.

சுருண்ட நுனிகளை வெட்டிக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பஞ்சுக்குள் இருக்கும் முட்டைக்கு மருந்து எட்டாது. அதனால் 7 நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையோடு நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

பதில் 2:
எறும்பை விட்டால் எல்லாம் வீண். மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக (தேன்கழிவு) எறும்பு அதைக் காவல் காக்கும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் செங்கல் மேல் வையுங்கள்.

பதில் 3:
அக்காவுக்கு: மலையில் மாலையில் அடித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று இலைப்புள்ளி வரும். மூடுபனி விலகியதும் காலையில் அடிக்கலாம். ஆந்தூரியத்துக்குப் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதே போதும்.

நீண்ட வெள்ளை இழைகளோடு வேகமாக ஓடுவது கிரிப்டோலேமஸ் வண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்பது. கொன்றுவிடாதீர்கள்!